இன்ஸ்டால் ஆகலையா? ஃபார்மட் பண்ணாதே, மேலே போய்ப் படி

தங்கச்சி, லினக்ஸில் ஒரு சாஃப்ட்வேர் ஏறவில்லை என்றால் முதலில் கையை கீபோர்டிலிருந்து எடு. அந்த நேரத்தில் கை சும்மா இருக்காது. யாரோ எங்கோ எழுதிய கட்டளையை எடுத்து ஒட்டும், அதுவும் நடக்கவில்லை என்றால் இன்னொன்றை ஒட்டும். பக்கத்தில் இருக்கிறவர்கள் "பேசாம ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்திடு" என்பார்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் எனக்குத் தெரிந்த வீடுகளில் லினக்ஸைக் கைவிட்டவர்களில் பாதிப் பேர் அதைப் பிடிக்காமல் விடவில்லை. ஒரு எர்ரரைப் பார்த்துப் பயந்து விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

நம்ம ஊருக்கு லினக்ஸ் புதுசும் இல்லை. இந்தியாவின் சொந்த லினக்ஸான பாஸ் லினக்ஸை உருவாக்கியதே மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளைதான், தரமணி டைடல் பார்க்கிலிருந்து. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. நந்தனத்தில் இருக்கும் தமிழக அரசு நிறுவனமான எல்காட் அதே காலகட்டத்தில் தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களையே லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. அந்த லேப்டாப்பில் பாஸைத் திறந்து, ஒரு சாஃப்ட்வேர் ஏற்றப் பார்த்து, முடியாமல் மூடியவர்கள் எத்தனையோ பேர். அப்போதே பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்து சொல்லியிருந்தால் தொடர்ந்திருப்பார்கள்.

அதனால் இப்போது நான் சொல்கிறேன். உபுண்டு, மின்ட், டெபியன், பாஸ் எல்லாம் ஒரே குடும்பம், இது எல்லாவற்றுக்கும் பொருந்தும். கட்டளைகளை ஃபோனில் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். டைப் செய்வது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். 'கோடு' என்றால் ஹைஃபன். 'இரட்டைக் கோடு' என்றால் இடைவெளி விடாமல் இரண்டு ஹைஃபன்.

கடைசி வரி காரணம் சொல்லாது

சாஃப்ட்வேர் சென்டரில் இன்ஸ்டால் பட்டனை அழுத்தினாய், சக்கரம் சுற்றியது, நின்றுவிட்டது. அது பெரும்பாலும் காரணம் சொல்லாது. அதே வேலையை டெர்மினலில் செய்: 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால்', பிறகு சாஃப்ட்வேரின் பெயர். அங்கே எல்லாம் வெளியே வரும்.

வரிகளின் தொடக்கத்தைக் கவனி. 'டபிள்யூ' என்று ஆரம்பித்தால் எச்சரிக்கை, 'என்' என்றால் தகவல். இரண்டும் காத்திருக்கலாம். 'இ' என்று ஆரம்பிப்பதுதான் எர்ரர். அதிலும் ஒரு விஷயம். கடைசியில் 'சப்-ப்ராசஸ் டிபிகேஜி ரிட்டர்ன்ட் அன் எர்ரர் கோட் (1)' என்று ஒரு வரி வரும். எல்லாரும் அதைத்தான் காப்பி செய்து தேடுவார்கள். 'வேலை நடக்கவில்லை' என்பதைத் தவிர அந்த வரியில் ஒன்றும் இல்லை. ஆயிரம் பதில் கிடைக்கும், ஒன்றும் உனக்குப் பொருந்தாது. மேலே ஸ்க்ரோல் செய். 'எர்ரர் ப்ராசஸிங் பேக்கேஜ்' என்று ஒரு வரி, அதில் எந்தப் பேக்கேஜ் இடறியது என்று இருக்கும். அதற்கும் நாலைந்து வரி மேலே 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று இருக்கிறதா? முடிந்தது, உன் பிரச்சினை டிஸ்க்கில் இடம் இல்லாதது. நீ ஏற்றப் பார்த்த சாஃப்ட்வேர்மேல் குற்றமே இல்லை.

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் கீழே நான் எழுதுவதில் பாதி உனக்குத் தேவைப்படாது.

பூட்டை உடைக்காதே

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஏதாவது ஏற்றப் பார்த்தால் 'குட் நாட் கெட் லாக்' என்று வரும். வேறொரு ப்ரோக்ராம் அந்த நேரத்தில் ஏதோ ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். யார் என்றும் அதே வரியில் நம்பரோடு சொல்லும். 'அன்அட்டெண்டட்' என்று ஆரம்பிக்கும் பெயர் இருந்தால், கம்ப்யூட்டர் தானாகவே பாதுகாப்பு அப்டேட் போட்டுக்கொள்கிறது. காபி குடித்துவிட்டு வா. சாஃப்ட்வேர் சென்டர் இன்னொரு பக்கம் திறந்து கிடந்தால் அதை மூடு.

லாக் ஃபைலை அழிக்கச் சொல்லும் குறிப்பு நிறைய இடத்தில் கிடைக்கும். வேண்டாம். ஒரே கணக்கு நோட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். அந்த நோட்டில்தான் உன் கம்ப்யூட்டரில் எது இருக்கிறது, எது இல்லை என்ற கணக்கு முழுக்க இருக்கிறது.

பாதியில் கரண்ட் போனால்

சென்னையில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மே மாத வெயிலில் டிரான்ஸ்ஃபார்மர் போகும், மழைக் காலத்தில் முன்னெச்சரிக்கையாகவே நிறுத்துவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பல தெருக்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்டேட் ஓடும்போது டெஸ்க்டாப் அணைந்தால் பேக்கேஜ்கள் பாதி விரிந்த நிலையில் நின்றுவிடும். அடுத்த முறை எதை ஏற்றப் பார்த்தாலும் 'டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்' என்று மறுக்கும்.

இதில் பயப்பட ஒன்றும் இல்லை, மருந்தை அந்த வரியே சொல்லிவிடும்: 'சுடோ டிபிகேஜி, இரட்டைக் கோடு கன்ஃபிகர், இடைவெளி, ஒற்றைக் கோடு ஏ'. விட்ட இடத்திலிருந்து எடுத்து முடிக்கும். அது முடிந்ததும் 'சுடோ ஆப்ட், இரட்டைக் கோடு ஃபிக்ஸ் கோடு ப்ரோக்கன், இன்ஸ்டால்'. 'இன்ஸ்டால்' என்பதற்குப் பிறகு எந்தப் பெயரும் வேண்டாம். பாதியில் நின்றவற்றுக்குத் தேவையான மற்ற பேக்கேஜ்களைத் தேடிப் போட்டுவிடும். இந்த இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வை. டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் பெரிய பதிப்பு மாற்றத்தைத் தொடங்காதே. லேப்டாப் என்றாலும் சார்ஜரை மாட்டிவிட்டுத் தொடங்கு.

நெட் வருகிறது, ஆனால் வரவில்லை

ஹாஸ்டல் வைஃபை, பிஜி வைஃபை, காபி கடை வைஃபை. இதெல்லாம் முதலில் ஒரு லாகின் பக்கம் காட்டும். நீ லாகின் செய்யாமல் டெர்மினலைத் திறந்தால், ஆப்ட் கேட்ட பட்டியலுக்குப் பதிலாக அந்த லாகின் பக்கத்தையே அதன் கையில் கொடுத்துவிடும். 'நோஸ்பிளிட்' என்ற விசித்திரமான வார்த்தையோடு ஒரு எர்ரர் வரும். அதே வரியில் அடைப்புக்குள் 'இந்த நெட்வொர்க் லாகின் கேட்கிறதா?' என்று ஆங்கிலத்தில் உன்னையே கேட்கும். ப்ரௌசரைத் திற, லாகின் செய், திரும்பி வந்து 'சுடோ ஆப்ட் அப்டேட்'.

'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' என்று வந்தால், இறங்கிய ஃபைலும் பட்டியலில் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. நடுவில் ஏதோ ப்ராக்ஸி பழையதை எடுத்துக் கொடுத்திருக்கலாம், சர்வர் அந்த நேரத்தில் பாதி புதுப்பித்த நிலையில் இருக்கலாம். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை போட்டுப் பார். அதிலும் அதே என்றால் 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' திறந்து, இந்திய சர்வருக்குப் பதில் மெயின் சர்வரைத் தேர்ந்தெடு. கொஞ்சம் மெதுவாக இருக்கலாம், வேலை நடக்கும்.

இன்னொன்று யாருக்கும் சட்டென்று தோன்றாது. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டெஸ்க்டாப். 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்' என்று ஒவ்வொரு முறையும் மறுத்தது. மாமி கீபோர்டை மாற்றலாமா என்று கேட்டார். மூலையில் கடிகாரத்தைப் பார்த்தால் தேதி பல மாதம் பின்னால் இருந்தது. கம்ப்யூட்டர் கணக்குப்படி அந்தப் பட்டியல் எதிர்காலத்தில் எழுதப்பட்டது, அதனால் நம்ப மறுக்கிறது. மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால் ப்ளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி தொலைந்துவிடும். சாதாரணமாக நெட் வழியாகத் தானே சரியாகும். சில ஆபீஸ், ஹாஸ்டல் நெட்டில் அந்த வழியை அடைத்து வைத்திருப்பார்கள். செட்டிங்ஸில் தேதியைக் கையால் திருத்து. பேட்டரியின் பெயர் சிஆர்2032, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், ரிச்சி தெரு வரை போக வேண்டாம்.

'அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை'

'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்' என்றால் முதலில் 'சுடோ ஆப்ட் அப்டேட்' போட்டாயா என்று பார். புதிதாகப் போட்ட சிஸ்டத்தில் பட்டியலே இறங்கியிருக்காது. அடுத்து ஸ்பெல்லிங். தமிழ் ஃபான்ட் வேண்டும் என்று ஃபான்ட்ஸ், கோடு போட்டு 'தமிழ்' என்று முழுதாக ஆங்கிலத்தில் அடித்தால் கிடைக்காது. பேக்கேஜின் பெயரில் டி-ஏ-எம்-எல் என்று நாலே எழுத்துதான். பெயரை ஊகிக்காதே, 'ஆப்ட் சர்ச் தமிழ்' என்று தேடு. ஃபான்ட் மட்டும் அல்ல, ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் டெசராக்ட்டின் தமிழ்ப் பேக்கேஜ் உட்பட என்னென்ன இருக்கிறது என்று தெரியவரும். தமிழ்99 கீபோர்டுக்கு 'ஐபஸ் கோடு எம்17என்' ஏற்று. ஏற்றிய பிறகும் கீபோர்டுப் பட்டியலில் தமிழ்99 தெரியவில்லை என்று பலர் திரும்பத் திரும்ப ஏற்றுவார்கள். ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வா, வந்துவிடும்.

உபுண்டுவில் 'யூனிவர்ஸ்' என்ற தொகுப்பு அணைந்திருந்தாலும் நிறைய கிடைக்காது. அதே சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸில் டிக் செய்துகொள்.

'404 நாட் ஃபவுண்ட்' வரிசையாக வந்தால், அப்டேட் போட்டும் நிற்காமல் வந்தால், உன் பதிப்பின் ஆயுள் முடிந்திருக்கிறது. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு 5 வருஷம் ஆதரவு, நடுவில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதம்தான். புதுசாக இருக்கிறதே என்று நடுப் பதிப்பைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நீண்டகாலப் பதிப்பு மட்டும் போடு, நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன்.

இங்கே மட்டும் ஃபார்மட்டை ஒப்புக்கொள்கிறேன். 2011, 2012-ல் வந்த லேப்டாப்பில் அன்றைய பாஸ் பதிப்பு அப்படியே இருக்கிறது என்றால் அதை ஒட்டுப்போட்டு இழுக்க முயலாதே. ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டு இன்றைய பதிப்பைப் புதிதாகப் போடு. போடும் முன் ப்ராசஸர் 64-பிட் தானா என்று பார்த்துக்கொள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லிருந்து 32-பிட் கம்ப்யூட்டருக்கான இன்ஸ்டாலரே இல்லை.

வெளியிலிருந்து கொண்டுவந்தது

என் அனுபவத்தில் மிக மோசமான சிக்கல்கள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. 'அன்மெட் டிபென்டன்சீஸ்'. ஒன்று கேட்பது இன்னொன்றிடம் இல்லை, அல்லது வேறு பதிப்பாக இருக்கிறது. சிஸ்டத்தின் சொந்தத் தொகுப்பிலிருந்து மட்டும் எடுத்தால் இது அபூர்வம். எப்போதோ சேர்த்த ஒரு வெளித் தொகுப்பு, ஒரு பிபிஏ (உபுண்டுவுக்காக வேறு யாரோ நடத்தும் தனித் தொகுப்பு), எங்கிருந்தோ இறக்கிய ஒரு டெப் ஃபைல், பின்னால் இப்படி ஏதாவது இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு நல்ல கட்டளை: 'ஆப்ட் பாலிசி', பிறகு பேக்கேஜ் பெயர். இப்போது எந்தப் பதிப்பு இருக்கிறது, எதை ஏற்றப் பார்க்கிறது, அது எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று மூன்றையும் காட்டும். உன் சிஸ்டத்தின் சொந்தத் தொகுப்பு அல்லாத முகவரி ஒன்று கண்ணில் பட்டால் அதை அணைத்துவிட்டு மறுபடி அப்டேட் போடு. மின்ட் வைத்திருக்கிறாய் என்றால் இதையும் நினைவில் வை: மின்ட் 21 நிற்பது உபுண்டு 22.04-ன்மேல், மின்ட் 22 நிற்பது 24.04-ன்மேல். ஒன்றுக்கானதை மற்றதில் சேர்க்காதே. உபுண்டுவின் பிபிஏவை டெபியனில் சேர்க்கவே சேர்க்காதே.

தி.நகர், மயிலாப்பூர் ஆடிட்டர் ஆபீஸ்களில் இது வேறு ரூபத்தில் வரும். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனோடு வந்த பழைய டெப் ஃபைல், 'லிப்எஸ்எஸ்எல் 1.1' வேண்டும் என்று நிற்கும். உபுண்டு 22.04-லிருந்தே அது இல்லை, ஓபன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறிவிட்டார்கள். பழைய 1.1-ஐ எங்கிருந்தாவது இறக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஓபன்எஸ்எஸ்எல் அதற்குப் பொதுவாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 செப்டம்பரோடு நின்றுவிட்டன. கிளையன்ட்டுகளின் கையெழுத்து இருக்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்யாதே. டோக்கன் கொடுத்தவரிடம் உன் உபுண்டு பதிப்பைச் சொல்லி, அதற்கான புது ஃபைலைக் கேட்டு வாங்கு. அது வரும்வரை 'பிசிஎஸ்சிடி' என்ற பேக்கேஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வை. டோக்கன்களைக் கம்ப்யூட்டர் அடையாளம் காண அதுதான் பெரும்பாலும் வேண்டியிருக்கும்.

'ஆப்ட்-கீ' என்று ஆரம்பிக்கும் குறிப்பு எங்கே கண்டாலும் அது பழைய குறிப்பு. அந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள். சாஃப்ட்வேர் தயாரித்தவரின் இன்றைய வழிமுறையைப் பார்.

'ஒய்' அடிக்கும் முன்

2021 நவம்பரில் வெளிவந்த ஒரு வீடியோவில், கனடாவைச் சேர்ந்த யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் கேம் விளையாட ஸ்டீம் ஏற்றப் பார்த்தார். அன்று அந்தத் தொகுப்பில் ஒரு கோளாறு. ஸ்டீமை ஏற்ற வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பையே நீக்கியாக வேண்டும் என்று ஆப்ட் முடிவு செய்தது. எச்சரிக்கையும் செய்தது, உறுதியாக வேண்டுமென்றால் 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று முழுதாக டைப் செய்யச் சொன்னது. அவர் டைப் செய்தார். திரையில் டெஸ்க்டாப் போய் வெறும் கறுப்பும் எழுத்தும் மட்டும் மிஞ்சியது. லட்சக்கணக்கானவர்கள் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். அதன்பின் இப்படிப்பட்ட அத்தியாவசியப் பேக்கேஜ்களை ஒரு வாக்கியம் டைப் செய்து நீக்க முடியாதபடி ஆப்டையே மாற்றினார்கள்.

ஆனாலும் உன் கண்ணுக்கு அதில் வேலை இருக்கிறது. 'ஒய்' அடிக்கும் முன், 'வில் பி ரிமூவ்ட்' அல்லது 'ரிமூவிங்' என்ற தலைப்பு இருக்கிறதா என்று பார். அதன்கீழ் டெஸ்க்டாப், நோம், சின்னமன், பைத்தான்3 என்ற பெயர்கள் இருந்தால் 'என்' அடித்து வெளியே வா. சந்தேகமாக இருந்தால் ஒத்திகை பார்க்க வழி இருக்கிறது. 'ஆப்ட், ஒற்றைக் கோடு எஸ், இன்ஸ்டால்', பிறகு பெயர். என்ன செய்வேன் என்று சொல்லும், எதையும் தொடாது.

பைத்தான் என்றதும் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். 'பிப் இன்ஸ்டால்' போட்டால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்று திட்டும். 2023-ல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் இப்படித்தான். சிஸ்டத்தின் சொந்த வேலைகளே பைத்தானில் ஓடுகின்றன, அதைக் காப்பாற்றத்தான் இந்தத் தடை. தடையை மீறும் நீளமான ஆப்ஷனை அந்தச் செய்தியிலேயே பார்ப்பாய், தொடாதே. நம்பை, பாண்டாஸ் மாதிரி பிரபலமானவை 'பைத்தான்3 கோடு நம்பை' என்ற பெயரில் ஆப்டிலேயே கிடைக்கும். மற்றதற்கு 'பைத்தான்3 கோடு வென்வ்' ஏற்றி, ப்ராஜெக்ட்டுக்கு ஒரு தனி வென்வ் போட்டுக்கொள். கெட்டால் அந்த ஃபோல்டரை மட்டும் அழித்தால் போதும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில

வைஃபை டிரைவர் இல்லை, டிரைவர் இறக்க வைஃபை வேண்டும் என்ற நிலையில் மாட்டிக்கொண்டால் ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, ஃபோனில் யுஎஸ்பி டெதரிங்கைப் போடு. லினக்ஸ் அதைக் கேபிள் நெட்டாக எடுத்துக்கொள்ளும். என்விடியா, வைஃபை டிரைவர் ஏற்றும்போது புதிதாக ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னால் அதை எழுதி வை. ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத்திரை ஒன்று சில நொடி வரும். உடனே ஒரு கீயை அழுத்தி 'என்ரோல் மோக்' தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடு. அதைத் தவறவிட்டால் டிரைவர் ஏறியிருக்கும், வேலை செய்யாது.

இடம் இல்லை என்றால் 'டிஎஃப் ஒற்றைக் கோடு ஹெச்'. 'பூட்' மட்டும் நூறு சதவீதம் என்றால் பழைய கர்னல்கள் குவிந்திருக்கின்றன, 'சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்'. மொத்தமாகவே இடம் இல்லை என்றால் 'சுடோ ஆப்ட் க்ளீன்', இறக்கி வைத்த டெப் ஃபைல்கள் போகும், ஏறிய எதுவும் போகாது.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் எனக்கு ஃபோன் பண்ணு. அல்லது தெரிந்தவர்களைக் கேள். சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் பொறுமையாகச் சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள், 2012-லிருந்து வரும் கணியம் இதழில் தமிழிலேயே கட்டுரைகள் இருக்கின்றன. யாரைக் கேட்டாலும் ஸ்க்ரீனை ஃபோனில் சாய்வாகப் படம் எடுத்து அனுப்பாதே. நீ அடித்த கட்டளை, அதிலிருந்து கடைசி வரை வந்த எல்லா வரிகள், சிஸ்டத்தின் பெயரும் பதிப்பும், மூன்றையும் எழுத்தாகக் காப்பி செய்து அனுப்பு. 'நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு' என்றால் நேற்று என்ன ஏறியது என்பதற்கும் பதிவு இருக்கிறது: 'வார்' ஃபோல்டருக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்', அதில் 'ஹிஸ்டரி புள்ளி லாக்' என்ற ஃபைல். தேதி, நேரம், அடித்த கட்டளை, ஏறியது, நீங்கியது எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். எனக்கு அனுப்பும்போது அதன் கடைசிப் பகுதியையும் சேர்த்து அனுப்பு.